சின்னச் சொல், பெரிய வித்தியாசம்

மொன்றியலில் அகதிக் கோரிக்கைப் படிவம் நிரப்புகிறீர்களா? எழுத்தில் ஒத்த இந்தச் சொற்களைக் கவனியுங்கோ.

எவர் – எப்போதாவது
நெவர் – ஒருபோதும் இல்லை

ஃப்ரொம் – இருந்து
ஃபோர்ம் – படிவம்

இஃப் – நடந்தால், இருந்தால் என்பதில் வரும் 'ஆல்'
ஒஃப் – உடைய

கோரிக்கையின் அடிப்படைப் படிவம், நீங்களோ குடும்பத்தினரோ 'எவர்' துன்புறுத்தப்பட்டீர்களா எண்டு கேட்கும். ஒரு தடவையாவது நடந்ததா எண்டதே கேள்வி. அதை 'நெவர்' எண்டு வாசித்தால், 'ஒருநாளும் நடக்கேல்லையோ?' எண்டாகிவிடும். அடிபட்டவரும் 'இல்லை, நடந்தது' எண்டு நினைத்து 'நோ' போட்டுவிடுவார். வழக்கின் ஆணிவேரே அறுந்துபோகும்.

கையெழுத்திடமுன் தமிழில் வாசிப்பித்துக் கேளுங்கோ. பிழை கண்டால் உடனே வழக்கறிஞரிடம் சொல்லுங்கோ. திருத்தம் விசாரணைக்கு 10 நாட்களுக்கு முன்பே குடிவரவு அகதிகள் சபைக்குக் கிடைக்கவேணும்.