தேதிக் கணக்குக்கு எந்த லைப்ரரி?

ஜாவாஸ்கிரிப்டிடம் 2024 பிப்ரவரி 31 என்று ஒரு தேதியைக் கொடுத்துப் பாருங்கள். அப்படி ஒரு நாளே இல்லை என்று சொல்லாது. சத்தமில்லாமல் மார்ச் 2 என்று திருப்பித் தரும். மாதங்களை 0-இலிருந்து எண்ணுவதால் பிப்ரவரியே அதற்கு 1. 1995-இல் அவசர அவசரமாகப் பிறந்த மொழி அது. தேதிக்கான பகுதியை அன்றைய ஜாவாவிலிருந்து எடுத்துப் போட்டார்கள். ஜாவாக்காரர்கள் அதை ஓரங்கட்டிவிட்டுப் புதிதாக எழுதிக்கொண்டார்கள். பிரவுசர்கள் இன்றும் அதைச் சுமந்துகொண்டிருக்கின்றன.

அந்த ஓட்டையை அடைக்கத்தான் இத்தனை லைப்ரரிகள். மொமென்ட், டே.ஜேஎஸ், டேட்-எஃப்என்எஸ், லக்ஸன் எல்லாமே திறந்த மூலம், எம்ஐடி உரிமம். காசும் இல்லை, உரிமச் சிக்கலும் இல்லை. வழக்கமாக எல்லாரும் எத்தனை கேபி என்றுதான் முதலில் பார்க்கிறார்கள். நான் அதைக் கடைசியில் பார்க்கச் சொல்வேன். உங்கள் தளம் ஒரே ஊரின் நேரத்தோடு நிற்கிறதா, பல நாட்டு நேரங்களைத் தொடுகிறதா என்பதுதான் முதல் கேள்வி.

அதற்கும் முன்னால், லைப்ரரியே தேவைதானா? தேதியைத் தமிழில் காட்டினால் போதும் என்றால் பிரவுசரிலேயே இன்டல் (Intl) என்ற வசதி இருக்கிறது. இந்தியத் தமிழ் என்று சொன்னால் ‘வியாழன், 15 ஆகஸ்ட், 2024’ என்று எழுதித் தரும். ‘3 நாட்களுக்கு முன்’ என்பதையும் அதுவே சொல்லும். செய்தித் தளம், வலைப்பூ போன்றவற்றுக்கு இதற்கு மேல் ஒன்றும் வேண்டியதில்லை.

மொமென்ட் 2011-இல் வந்தது. பத்தாண்டுகள் அதன் ராஜ்யம்தான். 2020 செப்டம்பரில் அதை நடத்தியவர்களே, புதிய வேலைகளுக்கு இதை எடுக்காதீர்கள் என்று அறிவித்துவிட்டார்கள். எல்லா மொழிகளோடும் சேர்த்தால் கனம் அதிகம் என்பது ஒரு காரணம். அதைவிடப் பெரிய வம்பு, ஒரு தேதியோடு ஏழு நாள் கூட்டினால் மூலத் தேதியே மாறிவிடும். கடன் வாங்கிய நாளோடு தவணையைக் கூட்டப் போய், கடன் வாங்கிய நாளே நகர்ந்துபோகும். பழைய தளத்தில் ஒழுங்காக ஓடிக்கொண்டிருந்தால் விட்டுவிடுங்கள். அதற்காக ராத்திரி கண்விழித்து மாற்ற வேண்டாம்.

அதன் தமிழ்க் கோப்பைப் பற்றி ஒரு வார்த்தை. யாரோ ஆசையாக எழுதியிருக்கிறார்கள். காலையா மாலையா என்று கேட்டால் யாமம், வைகறை, காலை, நண்பகல், எற்பாடு, மாலை என்று சங்க இலக்கியத்தின் சிறுபொழுது ஆறும் வரும். எண்களும் தமிழ் எண்களாகிவிடும். படிக்க இனிமைதான். ஆனால் மளிகைச் சாமான் ‘௩ மணி எற்பாடு’ வந்து சேரும் என்று காட்டினால் வாடிக்கையாளர் போன் போட்டுத்தான் கேட்பார்.

மொமென்டுக்குப் பழகியவர்களுக்கு டே.ஜேஎஸ். எழுதும் முறை கிட்டத்தட்ட அதேதான், சுருக்கினால் 2 கேபி அளவு, மூலத் தேதியையும் மாற்றாது. ஆனால் அந்த 2 கேபி என்பது சாம்பார் ஊற்றாத இட்லி. வேண்டியதையெல்லாம் பிளக்-இன்னாகத் தனித்தனியே சேர்க்க வேண்டும். இதில் ஒரு கண்ணி இருக்கிறது. 05/08/2024 என்பதைக் கொடுத்து, நாள் முதலில், மாதம் பிறகு என்று வடிவத்தையும் சொல்கிறீர்கள். அதற்கான பிளக்-இன்னைச் சேர்க்க மறந்திருந்தால் டே.ஜேஎஸ் முணுமுணுக்காது, நீங்கள் சொன்ன வடிவத்தைக் காதில் போட்டுக்கொள்ளாமல் அமெரிக்க வழக்கப்படி மே 8 என்று எடுத்துக்கொள்ளும். 15/08/2024 என்றால் செல்லாத தேதி என்றாவது தெரியும். மாதத்தின் முதல் 12 நாட்களில்தான் ஆபத்து. நேர மண்டலத்துக்கும் பிளக்-இன் உண்டு, ஆனால் அதை நம்பிப் பெரிய வேலையில் இறங்க எனக்கு மனம் வராது.

டேட்-எஃப்என்எஸ் வேறு ரகம். தனிப் பொருள் எதையும் உருவாக்காமல், ஜாவாஸ்கிரிப்டின் தேதியையே வாங்கிக் கணக்குப் போட்டுத் தரும் சின்னச் சின்ன ஃபங்ஷன்கள். எடுத்ததற்கு மட்டும்தான் கனம். ரியாக்டில் எழுதுபவர்களுக்குக் கைக்கு அடக்கம். மொமென்டிலிருந்து வருபவர்கள் தடுக்கி விழும் இடம் வடிவ எழுத்துகள்: அங்கே ஆண்டையும் நாளையும் பெரிய எழுத்தில் எழுதிப் பழகியிருப்பார்கள், இங்கே சின்ன எழுத்து. மாற்றி எழுதினால் பிழை காட்டி நிறுத்திவிடும். அது நல்ல குணம். 2024-இல் வந்த 4-ஆம் பதிப்பிலிருந்து நேர மண்டலத்தையும் முறையாகக் கவனிக்கிறது.

லக்ஸன் மொமென்ட் குழுவிலிருந்தே வந்தது. டே.ஜேஎஸ்ஸைவிடப் பல மடங்கு கனம். ஆனால் மண்டலம் அதன் உடம்பிலேயே இருக்கிறது, மாதம் 1-இல் தொடங்குகிறது, மொழிக் கோப்பைச் சுமக்காமல் இன்டலிடமே கேட்டுக்கொள்கிறது.

மண்டலம் ஏன் இவ்வளவு முக்கியம்? கொழும்பு நேரத்தைப் பாருங்கள். இன்று இந்திய நேரம்தான், கிரீன்விச்சைவிட ஐந்தரை மணி முன்னால். 1996-இல் முதலில் ஆறரை, அதே ஆண்டிலேயே ஆறு என்று மாற்றினார்கள். 2006-இல்தான் ஐந்தரைக்குத் திரும்பினார்கள். ஜாதகம் கணிக்கும் தளத்தில் இலங்கைக்கு ஐந்தரை என்று கையால் எழுதி வைத்திருந்தால், 2001-இல் கொழும்பில் பிறந்தவரின் நேரம் அரை மணி தவறும், லக்கினமே மாறிப்போகலாம். ‘ஆசியா/கொழும்பு’ என்று மண்டலப் பெயரைச் சொன்னால் லக்ஸன் இந்த வரலாற்றையெல்லாம் பார்த்துக்கொள்ளும். ஒன்று மட்டும் அதனாலும் ஆகாது. விடுதலைப் புலிகளின் கட்டுப்பாட்டுப் பகுதிகளில் அந்தப் பத்தாண்டும் பழைய நேரமே ஓடியது. அதற்கென்று தனி மண்டலப் பெயர் கிடையாது. பிறந்த ஊரைக் கேட்டு நீங்களேதான் கவனிக்க வேண்டும்.

பிறந்தநாளுக்கு இன்னொரு தொல்லை. 2024-08-15 என்று மட்டும் கொடுத்தால் ஜாவாஸ்கிரிப்ட் அதைக் கிரீன்விச் நள்ளிரவாக எடுத்துக்கொள்கிறது. சென்னையில் பார்த்தால் 15, நியூயார்க்கில் பார்த்தால் 14. வெறும் நாளை வெறும் நாளாகவே வைத்துக்கொள்ளும் வகை இந்த நான்கிலும் இல்லை. அது இருப்பது டெம்போரலில். ஜாவாஸ்கிரிப்ட் மொழிக்குள்ளேயே வரும் புதிய தேதி முறை இது. 2025 மே மாதம் ஃபயர்ஃபாக்ஸ் 139-இல் வந்தது, குரோமும் தொடர்ந்தது. பிப்ரவரி 31-ஐ மறுக்கச் சொன்னால் மறுக்கும். எல்லா பிரவுசர்களிலும் வந்து சேரும்வரை பாலிஃபில் (பிரவுசரில் இல்லாததை ஈடுகட்டும் நிரல்) போட்டுத்தான் ஓட்ட வேண்டும். அதன் கனம் டே.ஜேஎஸ்ஸைவிட அதிகம்.

உள்ளூர் தளம், நாலு தேதிக் கணக்கு என்றால் என் ஓட்டு டேட்-எஃப்என்எஸ்ஸுக்கு. பல நாட்டு நேரம், பயணச்சீட்டு, ஜாதகம், கூட்ட அழைப்பு என்றால் லக்ஸன். மொமென்டில் எழுதிய பழைய நிரலை ஒரு வாரத்தில் இறக்கி வைத்தாக வேண்டும் என்றால் மட்டும் டே.ஜேஎஸ். எதை எடுத்தாலும் வேலையைத் தொடங்கும் முன் அதனிடம் 05/08/2024-ஐக் கொடுத்து, எந்த மாதம் என்று ஒரு தடவை கேட்டுவிடுங்கள்.