குரங்கு ஆண்டில் பிறந்த ரேவதி

கேள்வி: மகள் சிங்கப்பூரில் இருக்கிறாள். பேத்தி அங்கேயே 2016 ஆடியில் பிறந்தவள், ரேவதி நட்சத்திரம். சீனக் கணக்கில் அது குரங்கு ஆண்டாம். விடுமுறைக்கு வந்தவள், பாவாடை கட்டிய குரங்கு எங்கள் ஊர்ச் சூரியகாந்தி வயலில் நிற்பதுபோல் வரைந்து, "ஆச்சி, இது நான்தான்" என்கிறாள். "நம்ம வழக்கத்தையும் அவங்க வழக்கத்தையும் போட்டுக் குழப்பாதே" என்று என் கணவர் கோபிக்கிறார். தடுக்கவா, விடவா?
- வாசகி, சுந்தரபாண்டியபுரம்

பதில்: விடுங்கள் அம்மா. பக்கத்தில் உட்கார்ந்து கதையும் சொல்லுங்கள்.

பிறப்புக்கு ஒரு விலங்கு என்பது நமக்கும் பழக்கம்தான். யோனிப் பொருத்தம் பார்க்கும்போது ரேவதிக்கு யானை என்பார் சோதிடர். நம் வரிசையிலுள்ள எலி, புலி, பாம்பு, குதிரை, ஆடு, குரங்கு, நாய் எல்லாம் சீனர்களின் 12 விலங்குகளிலும் உண்டு. யானைக்கு அங்கே இடமில்லை.

ஆனாலும் நம் யானை சீனாவுக்குப் போயிருக்கிறது. குவான்ஜோ துறைமுகத்தில் குடியேறிய தமிழ் வணிகர்கள் சிவனுக்குக் கோயில் எழுப்பினார்கள். 1281-ஆம் ஆண்டுத் தமிழ்க் கல்வெட்டு அதற்குச் சான்று. அங்கே கிடைத்த ஒரு சிற்பத்தில் யானை லிங்கத்தைப் பூசிக்கிறது. பார்த்ததும், யானை சிவனைப் பூசித்ததாகச் சொல்லப்படும் நம் திருவானைக்காதான் நினைவுக்கு வரும். போன இடத்துக் கல்லில் அவர்கள் சொந்த ஊரைச் செதுக்கினார்கள். உங்கள் பேத்தி பென்சிலால் செய்வதும் அதுவே.

சீனக் கலைஞர் ஐ வெய்வெய் 2010-இல் அந்த 12 விலங்குகளின் தலைகளை வெண்கலத்தில் வார்த்தார். அவற்றின் மூலங்கள் பெய்ஜிங் அரண்மனைத் தோட்டத்து நீரூற்றில் இருந்தவை. வடிவமைத்தவர் ஓர் இத்தாலியத் துறவி. 1860-இல் பிரிட்டிஷ், பிரெஞ்சுப் படைகள் அந்தத் தோட்டத்தைச் சூறையாடின. ஐ வெய்வெய்க்குத் தெரியக் கிடைத்த மூலங்கள் ஏழுதான். மற்ற ஐந்தையும் கற்பனையில் உருவாக்கினார். அயல்மண்ணில் பிறந்த பிள்ளைக்கும் ஊரைப் பற்றித் தெரிந்தது கொஞ்சம். விட்டுப்போனதை வரைந்து நிரப்பிக்கொள்கிறது.

உங்கள் கணவர் சொல்வதிலும் ஒரு நியாயம் உண்டு. குரங்குக்குப் பாவாடை கட்டிவிட்டால் மட்டும் போதாது, இரண்டு பக்கத்துக் கதையும் தெரிய வேண்டும். எருதின் முதுகில் ஏறி எலி முதலிடம் பிடித்த சீனக் கதையை அவளைச் சொல்லச் சொல்லிக் கேளுங்கள். பிறகு குற்றாலத்துக்குக் கூட்டிப்போய், அருவிக்கரைக் குரங்குகளையும் சித்திர சபைச் சுவரோவியங்களையும் காட்டுங்கள். அடுத்த படத்தில் ரேவதியின் யானையையும் வரையட்டும். அந்த யானை வயலில் எந்த வரப்போரம் நிற்க வேண்டும் என்பதை மட்டும் தாத்தாவே சொல்லட்டும்.