ஆத்தூர் வாயிற் பெருவழி

சேலத்தினின்று கிழக்கு நோக்கி ஆத்தூர், கள்ளக்குறிச்சி, தியாகதுருகம் ஆகிய ஊர்களை அடுத்துச் சென்று, உளுந்தூர்ப்பேட்டையிற் சென்னைப் பெருவழியொடு கூடும் சாலையில், விடுமுறை நாட்களில் மனைவி மக்களோடு மோட்டாரிற் செல்வார் பலர். புறவழிகள் ஊர்களை ஒதுக்கிவிட்டமையால், காணத்தக்கது யாதுமில்லையென அவர் எண்ணுதல் கூடும். நாம் அதனைச் சரித்திரக் கண்கொண்டு நோக்குவோம்.

வடக்கே கல்வராயன் மலை, தெற்கே பச்சைமலை. இடைப்பட்ட தாழ்நிலத்தில் வசிட்டநதி ஓடுகின்றது. மேட்டுநாட்டுப் படைகள் கீழ்நாட்டிற்கு இறங்க இயற்கை வகுத்த வாயில் இது. ஆகலின் நதிக்கரையில் ஆத்தூர்க் கோட்டையும், வாயிலின் கீழ்ப்புறத்தே குன்றின்மேல் தியாகதுருகக் கோட்டையும் சிறப்புற்றன. 1790ஆம் ஆண்டின் இறுதியில், திருச்சிராப்பள்ளிப் பக்கத்தினின்று வந்த திப்பு சுல்தான் தியாகதுருகத்தைத் தாக்கினார். முன்னர் வந்தவாசியைக் காத்துப் புகழ்பெற்ற பிளின்ட் என்னும் ஆங்கிலப் படைத்தலைவர் உள்ளே நின்றமையின், அதனைக் கைக்கொள்ளாது வடக்கே சென்றார்.

படைகள் அடிவாரத்தோடு போயின. மலைமேலுள்ளார் வரலாறு வேறு. மலையாளிகள் எனப்படும் அம்மக்களும் ஒருகாலத்துக் குடும்பத்தோடு வழிநடந்தோரே. தம் முன்னோர் காஞ்சிபுரத்தினின்று குடிபெயர்ந்தனர் என்பது அவர் வழங்கும் கதை. (அப்பெயர் மலைவாழ்நரைக் குறிக்குமேயன்றிக் கேரளத்தாரை அன்று, மாணவர் இதனை மயங்கற்க.) ஜாகீர்தார்கள் கையிலிருந்த அம்மலைநாட்டை அரசாங்கம் மேற்கொண்டது, நாடு விடுதலை பெற்று 29 ஆண்டு கழித்து, 1976இலேதான். கள்ளக்குறிச்சியிற் பெருவழியை நீங்கி, கச்சிராயபாளையம், கோமுகி அணை வழியாக வெள்ளிமலைக்கு ஏறுவோர், அவ்வரலாற்றை முதியோர் வாய்மொழியாகவே கேட்கலாம்.