மாற்று மூட்டும் மூச்சு வாங்குதலும்



போன மாதம் எங்கட ஊர் புத்தூருக்குப் போயிருந்தேன். சின்னம்மாவுக்கு நாலு படி ஏறினாலே மூச்சு வாங்குது, கணுக்காலும் வீக்கம். 2008 இல் சென்னையில் இருந்தபோது இடுப்பு மூட்டு மாற்றியவ. "இடுப்பிலை வைச்ச இரும்பு நெஞ்சுக்கு ஏறீட்டுதோ தம்பி?" என்று கேட்டா. சிரித்துவிட்டு விடக்கூடிய கேள்வியில்லை அது.

ஆட்டுக்கல்லில் குழவி சுழல்வதுபோல, இடுப்பு மூட்டில் கிண்ணத்துக்குள் ஒரு பந்து சுழலுது. மாற்று மூட்டுகள் பலவற்றில் கிண்ணத்தின் உட்பக்கம் பிளாஸ்டிக். சிலவற்றில் பந்தும் கிண்ணமும் கோபால்ட், குரோமியம் கலந்த உலோகம். நடக்க நடக்க இரண்டும் உராய்ந்து தூள் உதிரும். கோபால்ட் இரத்தத்தில் சேரும். அது மிக அதிகமானால் இருதயத் தசை தளர்ந்து, இரத்தத்தைத் தள்ள ஏலாமல் போகும். காது மந்தமாகலாம், பார்வை மங்கலாம். இது அரிதாக வருவது, ஆனால் வந்திருக்கிறது.

கோபால்ட் இருதயத்தைக் கெடுக்கும் என்று காட்டிக்கொடுத்தது பியர்! நுரை நிற்பதற்காகக் கோபால்ட் உப்புச் சேர்த்த பியரை நிறையக் குடித்து, கனடாவின் கியூபெக் நகரில் 1965-66 இல் 48 பேருக்கு இருதயம் பழுதானது. 20 பேர் இறந்தார்கள்.

உலோகத்தோடு உலோகம் உராயும் ஏ.எஸ்.ஆர். என்ற இடுப்பு மூட்டை, ஜோன்சன் அன்ட் ஜோன்சனின் டெப்யூ கம்பனி 2010 ஆகஸ்டில் உலகெங்கும் திரும்பப் பெற்றது. அதற்குள் இந்தியாவில் ஏறக்குறைய 4,700 சத்திரசிகிச்சைகளில் அதை வைத்தாயிற்று. அந்நாட்டு மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு எச்சரிக்கை விட்டதோ 2013 டிசம்பரில். பிறகு தேடினால், பலரைக் கண்டுபிடிக்கவே முடியவில்லை. யாருக்கு எது வைத்தது என்ற துண்டு கையில் இல்லாவிட்டால் இதுதான் கதி.

லயத்தில் யாராவது மூட்டு மாற்றியிருந்தால் அந்த ஆஸ்பத்திரித் துண்டைத் தேடி எடுங்கள். மூட்டின் கம்பனி, வகை, இலக்கம் அதில் ஒட்டியிருக்கும். மூச்சு வாங்கினால், கால் வீங்கினால் தோட்ட டிஸ்பென்சரியோடு நின்றுவிடாமல் பெரியாஸ்பத்திரிக்குப் போய், "எனக்கு மாற்று மூட்டு இருக்கு" என்று நீங்களாகவே சொல்லுங்கள். இருதய டாக்குத்தருக்கு இடுப்பைப் பார்க்கத் தோன்றாது. சந்தேகம் இருந்தால் இரத்தத்தில் கோபால்ட் அளவைப் பார்க்கலாம். கூடியிருந்து மூட்டை மாற்றினால் இருதயம் தேறியவர்களும் உண்டு. நாள் கடத்தினால் அது கடினம்.

சின்னம்மாவின் துண்டு சீலைப் பெட்டிக்கடியில் கிடந்தது. பிளாஸ்டிக் கிண்ணம்தான். மூச்சு வாங்கினதுக்குக் காரணம், குளிசை போடாமல் விட்ட பிரஷர். துண்டு இப்போ கிளினிக் கொப்பிக்குள் இருக்கு.