உறைபனியில் பயிரையும் கன்றையும் காப்பது எப்படி?

நீலகிரியில் கார்த்திகை வாக்கில் நீர்ப்பனி விழத் தொடங்கும். மார்கழி, தை மாதங்களில் உறைபனி. தலைகுந்தா, காந்தல், அவலாஞ்சி போன்ற தாழ்வான இடங்களில் விடியற்காலையில் புல்தரை உப்புக் கொட்டியதுபோல் வெளுத்துக் கிடக்கும். நேற்று வரை பச்சையாக நின்ற உருளைக்கிழங்குச் செடி, வெயில் ஏறியதும் வெந்த கீரையாகத் தொங்கிவிடும். கடன் வாங்கி விதைக்கிழங்கு போட்டவருக்கு அந்த ஒரு இரவே போதும்.

மேகமும் காற்றும் இல்லாத இரவில் நிலம் பகலில் வாங்கிய சூட்டை வானத்துக்கு விட்டுவிடுகிறது. தரையை ஒட்டிய காற்று குளிர்ந்து கனமாகி, தண்ணீரைப் போலவே சரிவில் வழிந்து பள்ளத்தில் தேங்குகிறது. அதனால்தான் மேட்டு வயல் தப்பும்போது கீழ் வயல் கருகுகிறது. வயலின் கீழ்ப்பக்கம் அடர்த்தியான வேலி இருந்தால் அது அணைபோல் குளிர்காற்றைத் தேக்கும்; அங்கங்கே இடைவெளி வெட்டிவிடுங்கள். வானொலியில் 3 அல்லது 4 டிகிரி என்று சொன்னாலும் ஏமாந்துவிட வேண்டாம். அது ஆள் உயரத்துக் கணக்கு. தரையில் அதே நேரம் உறைபனி விழுந்திருக்கும்.

நீர்போகத்துக்கு உருளைக்கிழங்கு நடுபவர்கள், பனி எதிர்பார்க்கும் நாளில் முற்பகலிலேயே இலேசாகப் பாய்ச்சி மண்ணை ஈரமாக வைக்க வேண்டும். ஈர மண் பகல் வெயிலைச் சேமித்து இரவில் திருப்பித் தரும். வரிசைகளுக்கு இடையே சருகு மூடாக்குப் போடுவது வெயில் காலத்துக்கு நல்லது. பனி இரவில் அது மண்ணின் சூட்டை மேலே வரவிடாது. அந்த மாதங்களில் ஒதுக்கி வைப்பதே மேல்.

ஸ்பிரிங்க்ளர் வைத்திருப்பவர்கள் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. ஒரு கிராம் தண்ணீர் உறையும்போது 80 கலோரி வெப்பத்தை வெளியிடுகிறது. இலையைக் காப்பது அதுதான். ஆனால் அதே தண்ணீர் ஆவியாகும்போது ஏழு மடங்குக்கு மேல் வெப்பத்தை உறிஞ்சிக்கொள்ளும். ஆகவே இரவில் தெளிக்கத் தொடங்கினால் வெயில் வந்து பனி உருகும் வரை நிறுத்தக் கூடாது. பாதியில் மோட்டார் நின்றால், தெளிக்காத வயலைவிட மோசமாகக் கருகும். அவ்வளவு தண்ணீர் இல்லாதவர்கள் இதில் இறங்க வேண்டாம்.

புகைமூட்டம் போடும் பழக்கமும் இருக்கிறது. என் கருத்தில் விறகுதான் வீண். நிலம் விடும் சூட்டைப் புகை அதிகம் தடுப்பதில்லை.

இளம் தேயிலைக்கும் நாற்றங்காலுக்கும் கோத்தகிரி மிலார், தாகை இவற்றை வெட்டிக் குடைபோலச் செருகுவது பழைய முறை. செலவில்லாத முறையும்கூட. பிளாஸ்டிக் தாளால் மூடினால் இலையில் படாமல் குச்சி நட்டு உயர்த்துங்கள். பட்ட இடம் கருகும். கருகிய தேயிலைச் செடியைப் பார்த்து அவசரமாகக் கவாத்து செய்ய வேண்டாம். வெட்டியதும் வரும் துளிரை அடுத்த பனி கொன்றுவிடும். பனிக்காலம் முடிந்தபின் நல்ல மரம் தெரியும் வரை வெட்டினால் போதும்.

பசுக்களுக்கு மாலையில் உலர்தீவனம் கொடுங்கள். இரவு முழுவதும் அது செரிக்கும்போது உடம்பு சூடாகும். குடிக்க வெதுவெதுப்பான தண்ணீர். பிறந்த கன்றுக்கு உடம்பைத் துடைத்து உலர்த்தி, ஒரு மணி நேரத்துக்குள் சீம்பால். 30 கிலோ கன்றுக்கு நாளைக்கு 3 லிட்டர். படுக்கை ஈரமானால் உடனே மாற்ற வேண்டும். தொழுவத்தில் காற்றுப் படும் பக்கம் சாக்குத் தொங்கவிடலாம், ஆனால் கூரையை ஒட்டிய திறப்பை அடைக்கக் கூடாது. மூத்திர நெடி தேங்கினால் கன்றுக்குச் சளி பிடிக்கும்.

மாட்டைப் பார்த்துவிட்டு வந்து, குளிர் தாங்காமல் கரிச்சட்டியை வீட்டுக்குள் வைத்துக் கதவைச் சாத்திப் படுப்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள். கரிக்கனலிலிருந்து வரும் கார்பன் மோனாக்சைடுக்கு நிறமில்லை, மணமில்லை. தூக்கத்திலேயே குடும்பம் முழுவதையும் கொண்டுபோய்விடும். படுக்கும் முன் சட்டியை வெளியே எடுத்து வைத்துவிடுங்கள். யாருக்காவது தலைவலி, குமட்டல், மயக்கம் வந்தால் உடனே கதவைத் திறந்து, ஆளை வெளிக்காற்றுக்குக் கொண்டுவந்து, ஆஸ்பத்திரிக்கு எடுத்துச் செல்ல வேண்டும்.