உப்பு நீரும் பயிர்க்கடனும்

பயிர்க்கடன் தவணையில் திரும்புவது மழையை மட்டும் பொறுத்ததன்று; கிணற்று நீரின் குணத்தையும் பொறுத்தது. ஆகவே உப்பு நீர் நிலத்திற்கு என்ன செய்கிறது என்பதை அங்கத்தினர் ஒவ்வொருவரும் அறிதல் நலம்.

பாய்ச்சிய நீரைப் பயிர் உறிஞ்சுகிறது; வெயில் ஆவியாக்குகிறது. உப்போ பெரும்பாலும் மண்ணிலேயே தங்கிவிடுகிறது. லிட்டருக்கு 1 கிராம் உப்புள்ள நீரை ஓர் ஏக்கரில் 3 அங்குல உயரம் பாய்ச்சினால், சுமார் 3 லட்சம் லிட்டர் நீருடன் 300 கிலோ உப்பும் சேருகிறது. பத்துப் பாய்ச்சலில் அது 3 டன்னாகும். அத்தகைய மண்ணில் ஈரம் இருந்தும் வேரால் அதனை எளிதில் இழுக்க இயலாது.

மண்ணின் உப்பளவை மின்கடத்துதிறனால், அதாவது டெசிசீமன்ஸ் கணக்கில், அளப்பர். அவ்வளவு 1ஐத் தாண்டியதும் பீன்ஸ் மகசூல் குறையத் தொடங்கும், மக்காச்சோளம் 1.7 வரையிலும், நெல் 3 வரையிலும், பருத்தி 7.7 வரையிலும் தாங்கும். அளவு 5 ஆனால் நெல்லில் ஏறக்குறைய கால் பங்கு நஷ்டம், பருத்திக்கு நஷ்டமில்லை. ஆயினும் பருத்தியும் முளைப்பருவத்தில் உப்புக்கு அஞ்சும்.

உவர் வேறு, களர் வேறு. உவர் நிலத்திற்கு வடிகால் அமைத்து, நல்ல நீரையோ மழைநீரையோ தேக்கி உப்பைக் கீழே இறக்கவேண்டும். சோடியம் மிகுந்து மண் இறுகிய களர் நிலத்திற்கு முதலில் ஜிப்சம் இடவேண்டும். பிறகே நீர் தேக்கி வடிக்கவேண்டும். வெறும் உவருக்கு ஜிப்சம் வாங்குவது வீண் செலவு.

நெசவாள அங்கத்தினருக்கும் இதில் பங்குண்டு. பருத்தித் துணியில் சாயம் பிடிக்கச் சேர்க்கும் உப்பு துணியில் தங்குவதில்லை. கழிவு நீரோடு வெளியேறுகிறது. நொய்யலில் 1992இல் பாசனத்திற்கென முடிக்கப்பட்ட ஒரத்துப்பாளையம் அணை, திருப்பூர்ச் சாயக்கழிவால் உழவருக்கு உதவாமற் போயிற்று. 2011இல் சென்னை உயர் நீதிமன்றம் சாய ஆலைகளை மூட உத்தரவிட்டது. உழவரும் நெசவாளரும் ஒருங்கே நஷ்டமடைந்தனர்.

ஆதலின் கிணறு ஆழப்படுத்தவோ பயிர் வைக்கவோ கடன் மனு எழுதுமுன், மோட்டாரைச் சிறிது நேரம் ஓடவிட்டு, சுத்தமான புட்டியில் நீர் பிடித்து, வயல் மண்ணுடன் மண் பரிசோதனை நிலையத்திற்கு அனுப்புக. முடிவைப் பார்த்துப் பயிரைத் தேர்க. நீர் தாங்காத பயிருக்கு வாங்கிய கடனை நிலம் அடைக்காது. வீட்டு நகைதான் அடைக்க நேரிடும்.