பெட்டி கையில் இல்லாத இரண்டு பொழுதுகள்

மாசிலாமணீசுவரர் கோயில் நந்தி சுவாமியைப் பார்த்துப் படுத்திருப்பதில்லை. முதுகைக் காட்டிக்கொண்டு வாசலைப் பார்த்திருக்கிறது. தொண்டைமான் மன்னனுக்குத் துணையாகப் போருக்குக் கிளம்பிய நந்தி அது என்பது தலபுராணம். கிளம்பத் தயாராக ஒரு நந்தியே இருக்கும் ஊர்தான், ஆனாலும் திருமுல்லைவாயிலில் ஒரு குடும்பம் வெளியூர் கிளம்புவதைப் பார்த்தால் பரணில் இருக்கும் பாதிச் சாமான் கீழே வந்திருக்கும். பௌர்ணமி வெள்ளிக்கிழமையில் காலை மேலூர், உச்சியில் திருவொற்றியூர், மாலையில் நம்மூர் கொடியிடையம்மன் என்று மூன்று அம்மனையும் ஒரே நாளில் தரிசிக்கிறோமே, அதற்கு ஒரு மஞ்சள் பையும் தண்ணீர் பாட்டிலும் போதும். அதே ஆட்கள் ஒரு வாரக் கப்பல் பயணம் என்றதும் பிரஷர் குக்கர்வரை யோசிக்கிறார்கள்.

டிக்கெட் எடுத்துவிட்டு, கட்டில்மேல் பெட்டியைத் திறந்து வைத்துக்கொண்டு நிற்பவர்களுக்காக இதை எழுதுகிறேன்.

முதலில், உங்கள் கப்பல் எந்த வகை என்று தெளிவாகிவிட வேண்டும். 2023 ஜூன் 5 அன்று சென்னைத் துறைமுகத்திலிருந்து ‘எம்ப்ரஸ்’ என்ற சொகுசுக் கப்பல் இலங்கைக்குப் புறப்பட்டது. அம்பாந்தோட்டை, திருகோணமலை, காங்கேசன்துறை என்று அதன் தடங்கள் அமைந்தன. இத்தகைய கப்பல்கள் ஆண்டு முழுக்கச் சென்னையில் நிற்பதில்லை, பருவத்துக்குப் பருவம் தடம் மாறும். முழுசாக ஏழு இரவு வேண்டுமென்பவர்கள் பெரும்பாலும் சிங்கப்பூர் போய் ஏறுகிறார்கள். அப்படியானால் பெட்டியின் எடையை முடிவு செய்வது விமானம்தான், கப்பல் அல்ல. இன்னொன்று விசா. சிங்கப்பூரில் ஏறி, மலேசியா சுற்றி, மறுபடி சிங்கப்பூரில் இறங்கினால் இரண்டு முறை நுழைகிறீர்கள். ஒரே நுழைவுக்கான விசா போதாது. மூன்றாவது வகை, அந்தமானுக்குப் போகும் அரசுக் கப்பல். அதற்குப் பெட்டி கட்டும் விதமே வேறு என்பதால் பிறகு சொல்கிறேன்.

சொகுசுக் கப்பலில் எல்லோரும் சறுக்கும் முதல் இடம் இது. துறைமுகத்தில் பெரிய பெட்டியை ஒப்படைத்ததும் அது உங்கள் கையை விட்டுப் போய்விடும். ஆயிரக்கணக்கான பெட்டிகளோடு எக்ஸ்ரே பார்த்து, தளம் தளமாகப் பிரித்து, அறை வாசலில் கொண்டுவந்து வைப்பார்கள். அது சாயங்காலமும் ஆகலாம், இரவுச் சாப்பாடு முடிந்தும் ஆகலாம். என் முதல் பயணத்தில் மதியம் இரண்டு மணிக்குக் கப்பல் ஏறினேன். ரத்த அழுத்த மாத்திரை பெரிய பெட்டியில். நீச்சல் குளத்துக்குப் போகத் துடித்த பையனின் டவுசரும் அதற்குள்தான். பெட்டி எட்டேகாலுக்கு வந்தது. அதுவரை பையன் குளத்தின் ஓரத்தில் உட்கார்ந்து என்னையே பார்த்துக்கொண்டிருந்தான்.

ஆகவே பெரிய பெட்டியைப் பிறகு பார்க்கலாம், தோள்பையை முதலில் கட்டுங்கள். பாஸ்போர்ட், கப்பல் டிக்கெட், இரண்டின் நகல், ஏழு நாளைக்கும் உள்ள எல்லா மாத்திரைகளும் மருந்துச் சீட்டோடு, மூக்குக்கண்ணாடி, போன் சார்ஜர், பவர் பேங்க், ஒரு மாற்றுத்துணி, குளிக்கிற உடை. குழந்தை இருந்தால் பால் பவுடரும் டயப்பரும். இவ்வளவும் தோளில் இருந்தால் பெட்டி நள்ளிரவில் வந்தாலும் கவலையில்லை.

பெட்டியில் கட்ட வேண்டிய அடையாளச் சீட்டை நீங்களே பிரிண்ட் எடுத்துக்கொள்ளும்படி அனுப்புவார்கள். பெயரும் அறை எண்ணும் இருக்கும். ஜெராக்ஸ் கடையில் கலர் பிரிண்ட் எடுத்து, கோடு போட்ட இடத்தில் மடித்து, பெட்டிக் கைப்பிடியைச் சுற்றிக் கொண்டுவந்து நான்கு ஸ்டேப்ளர் பின் அடியுங்கள். அதன்மேல் அகலமான செல்லோடேப்பை ஒரு சுற்று சுற்றிவிட்டால் மழையில் நனைந்தாலும் கிழியாது. கறுப்புப் பெட்டியென்றால் கைப்பிடியில் ஒரு மஞ்சள் ரிப்பன். எல்லார் பெட்டியும் கறுப்புதான்.

துணி விஷயத்தில் என் கட்சி இதுதான்: பருத்திப் புடவையையும் பருத்திச் சட்டையையும் வீட்டிலேயே விட்டுவிடுங்கள். தீப்பற்றும் பயத்தால் கப்பல் அறையில் இஸ்திரிப் பெட்டிக்கு அனுமதி இல்லை. எடுத்துப் போனால் ஏறும்போதே வாங்கி வைத்துக்கொண்டு, இறங்கும்போது தருவார்கள். தண்ணீர் காய்ச்சும் கெட்டில், ஹீட்டர் ராடு, ஊதுபத்தி, கற்பூரம், மெழுகுவத்தி எல்லாவற்றுக்கும் இதே கதிதான். காலையில் விளக்கேற்றாமல் காப்பி குடிக்காதவர்கள் பேட்டரியில் எரியும் சின்ன விளக்கு ஒன்றை வைத்துக்கொள்ளலாம். துவைத்துத் தேய்த்துத் தரக் கப்பலில் ஆள் உண்டு, உருப்படிக் கணக்கில் காசு. அதனால் சுருங்காத ஜார்ஜெட், கிரேப், நைலான் கலந்த பேண்ட் என்று போங்கள். ஏழு நாளுக்கு ஏழு செட் வேண்டாம், நான்கு போதும். பகலில் கட்டியதை இரவு யாரும் ஞாபகம் வைத்திருப்பதில்லை.

ஒருநாள் இரவு ‘ஃபார்மல்’ உடையில் வரச் சொல்வார்கள். கோட்டு வாடகைக்கு அலைய வேண்டாம். பட்டுப் புடவையோ வேட்டி சட்டையோ அதைவிட எடுப்பாக இருக்கும். வேட்டி கட்டுபவர்களுக்கு ஓர் எச்சரிக்கை: மேல்தளத்தில் காற்று விடாமல் அடிக்கும். ஒட்டிக்கோ வேட்டியும் இடுப்பில் பெல்ட்டும் இல்லாமல் அங்கே போகாதீர்கள். குளத்தில் இறங்க நைலான் நீச்சல் உடைதான், நைட்டியோடும் பனியனோடும் விடமாட்டார்கள். சாப்பாட்டுக் கூடத்திலும் நாடக அரங்கிலும் ஏசி எலும்பைத் தொடும், ஆளுக்கொரு சால்வை கட்டாயம். ஈரத் தளத்தில் வழுக்காத ரப்பர் செருப்பு ஒன்று, கரையில் நடக்க ஷூ ஒன்று, அதற்குமேல் காலணி சுமக்காதீர்கள்.

அறை சின்னது. உள்பக்கத்து அறை என்றால் நம் வீட்டுப் படுக்கையறையில் பாதிதான் இருக்கும், ஜன்னலும் இருக்காது. ஆனால் சுவர் பெரும்பாலும் இரும்புத் தகடு. காந்தக் கொக்கி நான்கு வாங்கிப் போனால் பையும் தொப்பியும் ஈரத்துண்டும் சுவரில் தொங்கும். நம்மூர் மூன்று முள் பிளக் பல கப்பல்களில் நுழையாது. எல்லா நாட்டுக்கும் பொருந்தும் அடாப்டர் ஒன்று வேண்டும். எக்ஸ்டென்ஷன் பாக்ஸைப் பல கப்பல்கள் ஏற்பதில்லை. கரை மறைந்ததும் போனை ஏரோப்ளேன் மோடில் போட்டுவிடுங்கள். கப்பலின் செயற்கைக்கோள் சிக்னலைப் பிடித்துக்கொண்டு போன் பேசினால் வரும் பில், டிக்கெட் விலையை நினைவுபடுத்தும்.

சாப்பாடு. புளியோதரை கட்டிக்கொண்டு போகும் ஆசை எனக்கும் உண்டு. வீட்டில் செய்த உணவை அநேகக் கப்பல்கள் உள்ளே விடுவதில்லை. மூடி முத்திரையிட்ட பாக்கெட் தின்பண்டமானால் பெரும்பாலும் விடுவார்கள். சைவமென்றால் டிக்கெட் எடுக்கும்போதே எழுத்தில் சொல்லுங்கள், ஏறிய பிறகு சொல்லிப் பயனில்லை. வயிறு புரட்டுகிறவர்கள் உப்பு நார்த்தங்காயை நம்பலாம், ஆனால் டாக்டரிடம் கேட்டு ஒரு மாத்திரையும் வைத்திருங்கள். அது குமட்டல் வந்த பிறகு போடுவதல்ல, கப்பல் கிளம்பும் முன்பே போட வேண்டியது. அக்டோபரிலிருந்து டிசம்பர்வரை வங்கக் கடலில் புயல் காலம். அப்போது போவதானால் கீழ்த்தளத்தில், கப்பலின் நடுப்பகுதியில் அறை கேளுங்கள். ஆட்டம் அங்கேதான் குறைவு.

சென்னையில் ஏறுகிறவர்களுக்கு வழி சுலபம். திருமுல்லைவாயில் நிலையத்தில் மின்சார ரயில் ஏறினால் துறைமுகத்துக்கு எதிரே உள்ள கடற்கரை நிலையத்திலேயே இறங்கலாம். ஆனால் அங்கே நேராகப் போகும் வண்டிகள் குறைவு, மற்றவை மூர் மார்க்கெட் வளாகத்தோடு நின்றுவிடும். அங்கிருந்து ஆட்டோ. காலை எட்டிலிருந்து பத்துக்குள் பெட்டியோடு ஏறுவதை நினைக்கவே வேண்டாம், ஆவடியிலேயே கதவுவரை ஆள் நிற்பார்கள். சி.டி.எச். சாலை வழியாக டாக்சியில் போவதானால் ஒன்றரை மணி நேரம் கையில் வைத்துக்கொள்ளுங்கள். எந்த வாசல் என்பதை டிக்கெட்டில் பார்த்துவிட்டே கிளம்புங்கள், துறைமுகத்துக்கு வாசல்கள் பல.

அந்தமான் கப்பலுக்கு மேலே சொன்னதில் பாதியைத் தலைகீழாக மாற்றிக்கொள்ள வேண்டும். போர்ட் பிளேருக்கு, இப்போதைய பெயரில் ஸ்ரீ விஜயபுரத்துக்கு, ஏறக்குறைய 1,200 கிலோமீட்டர். போக மூன்று நாள், வர மூன்று நாள், ஒரு வாரம் சரியாகிவிடும். பங்க் வகுப்பென்றால் அடுக்குப் படுக்கைகள் நிறைந்த பெரிய கூடம். படுக்கை விரிப்பு, காற்றடைக்கும் தலையணை, பெட்டியைக் கட்டிப் பூட்டச் சங்கிலி, சோப்பு, மக், டார்ச், ஒரு சீட்டுக்கட்டு எல்லாம் உங்களுடையதாகவே இருக்கட்டும். முதல் நாள் புளியோதரைக்குப் பொருத்தமான கப்பல் இதுதான். ஒரு காலத்தில் ‘ரஜூலா’வும், அதற்குப் பிறகு தீப்பிடிக்கும்வரை ‘சிதம்பரம்’ கப்பலும் சென்னையிலிருந்து நாகப்பட்டினம், பினாங்கு வழியாக ஒரு வாரத்தில் சிங்கப்பூர் போய்க்கொண்டிருந்தன. அவற்றின் தளத்தில் தகரப் பெட்டியும் ஜமக்காளமுமாகப் போனவர்கள் கட்டிய மூட்டைக்கு வாரிசு இந்த மூட்டை.

மறுபடி சொகுசுக் கப்பலுக்கு வருகிறேன். அதில் இரண்டாவது சறுக்கல் கடைசி இரவில். மறுநாள் காலை இறங்க வசதியாக, பெரிய பெட்டியை இரவே அறை வாசலில் வைக்கச் சொல்வார்கள். நள்ளிரவுக்குள் அள்ளிக்கொண்டு போய்விடுவார்கள், அப்புறம் அதைக் கரையில்தான் பார்க்க முடியும். காலைக்கு வேண்டிய உடை, உள்ளாடை, பல்துலக்கி, மாத்திரை, பாஸ்போர்ட் ஆகியவற்றைப் பெட்டியை மூடுவதற்கு முன்பே தோள்பைக்கு மாற்றிவிடுங்கள். எங்களோடு வந்த அம்பத்தூர்ப் பெரியவர் ஒருவர் எல்லாவற்றையும் நேர்த்தியாக மடித்துப் பூட்டி வாசலில் வைத்துவிட்டு நிம்மதியாகத் தூங்கினார். மறுநாள் காலை குடிநுழைவு வரிசையில் எங்களுக்கு முன்னால் நின்றார். மேலே ஃபார்மல் இரவுக்காக மகன் வாங்கித் தந்த கோட்டு, கீழே கட்டம்போட்ட லுங்கி. அதிகாரி பாஸ்போர்ட்டையும் அவரையும் மாறி மாறிப் பார்த்தார். பெரியவர் லுங்கியை இறக்கிவிட்டுக்கொண்டு நேராக நின்றார்.